பாட்டிமாருக்கு இல்லாத கட்டம்: கொழும்பில் வம்சாவழி தேடுதல்

வெள்ளவத்தையில், பிள்ளைகள் வெளிநாட்டில் இருக்கும் வீடுகளின் அலுமாரிக்குள் ஒரு ஃபைல் இருக்கும். பிறப்புச் சான்றிதழ்கள், விவாகச் சான்றிதழ், காணி உறுதியின் பிரதி, சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளரின் முத்திரை விழுந்த ஆங்கிலத் தாள்கள் எல்லாம் அதற்குள் கிடக்கும். எங்கள் வீட்டிலும் ஒன்று உண்டு. அண்மையில் ஒரு தேவைக்காக என் பிறப்புச் சான்றிதழை எடுத்தபோது, இத்தனை வருடமும் கவனியாமல் விட்ட ஒரு கட்டத்தில் கண் நின்றுவிட்டது. பாட்டனார் இலங்கையில் பிறந்தவராயின் அவருடைய பெயர், பிறந்த ஆண்டு, பிறந்த இடம் எழுத ஒரு கட்டம். தந்தை இலங்கையில் பிறக்காதவராயின் பூட்டனாரின் விபரத்தை எழுத இன்னொரு கட்டம். தாயின் பெயர் இருக்கிறது. பாட்டிமார் இருவரில் ஒருவருக்கும் கட்டம் இல்லை.

ஒரு குழந்தையின் பிறப்பைப் பதியும் தாள் எதற்காகப் பூட்டனாரைத் தேடிப் போகிறது? போகும் வழியில் பாட்டியை ஏன் விட்டுவிட்டுப் போகிறது? இந்தக் கேள்விகளுக்கு விடை தேடியபோது கொட்டாஞ்சேனை ஆலயத் தரைகள், ஒல்லாந்தரின் தோம்புகள், பறங்கியரின் வம்சப் பட்டியல்கள், மலையகத் தமிழரின் பறிபோன பிரசாவுரிமை எல்லாம் ஒரே நூலில் கோத்துக்கொண்டு வந்தன. குடியேற்றக் காலக் குடும்பம் ஒன்றின் வேர் எங்கே இருக்கிறது, அதை எப்படி அறிவது என்ற கேள்வியைக் கொழும்பில் நின்று பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

பறங்கியர் வளர்த்த மரம்

இலங்கையில் வம்சாவழியை முறையாகத் தேடி அச்சிட்டு வைத்த சமூகம் என்றால் முதலில் ஒல்லாந்தப் பறங்கியரைத்தான் சொல்லவேண்டும். ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பனி 1656 மே மாதம் போர்த்துக்கேயரிடமிருந்து கொழும்பைக் கைப்பற்றியது. 1796 பெப்ரவரியில் பிரித்தானியரிடம் அதை இழந்தது. இடைப்பட்ட 140 ஆண்டுகளில் சிப்பாய்களாகவும் எழுத்தர்களாகவும் தச்சர்களாகவும் வந்தவர்களில் ஒரு பகுதியினர் திரும்பிப் போகவில்லை. அவர்களுடைய சந்ததியே இந்தச் சமூகம்.

1908இல் ஒல்லாந்தப் பறங்கியர் சங்கம் கொழும்பில் தொடங்கப்பட்டது. அதன் உயிர்நாடியாக இருந்தவர் ரிச்சர்ட் ஜெரல்ட் அந்தோனிஸ் (1852–1930). அரசாங்கத்தின் முதலாவது சுவடிக்காப்பாளரும் அவரே. ஒல்லாந்தக் காலப் பதிவேடுகளை அறிந்த ஒருவர் சங்கத்தை நடத்தியதால், சங்கத்தின் சஞ்சிகை முதல் ஆண்டிலிருந்தே குடும்ப வம்சாவழிகளை வெளியிடத் தொடங்கியது. எஃப். எச். டி வோஸ், டி. வி. அல்டென்டோர்ப் போன்றோர் பல பத்தாண்டுகள் உழைத்து நூற்றுக்கணக்கான குடும்பங்களின் பட்டியல்களைத் தொகுத்தார்கள். யார் எந்த ஊரிலிருந்து வந்தார், எங்கே யாரை மணந்தார், பிள்ளைகள் எப்போது ஞானஸ்நானம் பெற்றார்கள் என்று தலைமுறை தலைமுறையாக எண்ணிட்டு எழுதப்பட்ட பட்டியல்கள் அவை. இன்று மெல்பேர்னிலோ ரொறன்ரோவிலோ இருந்து தன் வேரைத் தேடும் பறங்கியர் வழிவந்த ஒருவர் முதலில் புரட்டுவது இவற்றைத்தான்.

ஆனால் இந்த மரம் ஒரு கிளையில் மட்டும் வளர்க்கப்பட்டது. 1829இல் இலங்கைக்கு வந்த கோல்புறூக் ஆணைக்குழுவின் முன் பிரதம நீதியரசர் ரிச்சர்ட் ஒட்லி பறங்கியர் யார் என்று விளக்கியபோது ஆண்வழியையே அளவாகச் சொன்னார். ஐரோப்பியத் தந்தையின் வழி வந்தவர் பறங்கியர். பெற்றோர் மணம் முடித்தவராயின், தாய் யாராயினும் பிள்ளைகளின் நிலை மாறாது. தந்தை உள்ளூரவராயின் தாய் ஐரோப்பிய வழியினராயினும் பிள்ளைகள் பறங்கியர் ஆகார். சங்கமும் அந்த அளவுகோலையே எடுத்துக்கொண்டது. பட்டியல்களில் மனைவியின் பெயர் வரும். அவளுடைய தாய் யார் என்ற கேள்வியோடு பெரும்பாலும் வழி அடைபட்டுவிடும்.

பெயர் சொல்வதும் மறைப்பதும்

வம்சம் தேடுபவர் முதலில் பிடிப்பது பெயரை. கொழும்பில் அது உதவியும் செய்யும், ஏமாற்றவும் செய்யும்.

ஜான்ஸ், பீட்டர்ஸ், ஹென்ட்ரிக்ஸ், அந்தோனிஸ் என்ற பறங்கியர் பெயர்களின் கடைசியில் ஒல்லாந்த எழுத்தில் எஸ், இஸட் என்ற இரண்டு எழுத்துகள் சேர்ந்து நிற்கும். ‘மகன்’ என்ற ஒல்லாந்தச் சொல்லின் சுருக்கம் அது. ஜான்ஸ் என்றால் ஜானின் மகன். தமிழர் தகப்பன் பெயரின் முதலெழுத்தை முன்னால் போடுகிறோம். அவர்கள் பின்னால் போட்டார்கள். ஒரு கட்டத்தில் அது குடும்பப் பெயராக உறைந்துவிட்டது. ஆகவே இரண்டு ஜான்ஸ் குடும்பங்கள் உறவாக இருக்கவேண்டியதில்லை. கந்தையாவின் மகன்மார் எல்லாரும் ஒரே கந்தையாவின் மகன்மாரா?

போர்த்துக்கேயப் பெயர்களில் சிக்கல் இன்னும் கூட. சில்வா, பெரேரா, பெர்னாண்டோ என்பவை ஞானஸ்நானத்தின்போது கிடைத்த பெயர்கள். சிங்களவர், பரதவர், கொழும்புச் செட்டியார் எல்லாரிடமும் இவை உண்டு. கொட்டாஞ்சேனையில் ஒரு பெர்னாண்டோ வீட்டுக் கதவைத் தட்டினால் லிஸ்பனுக்கு வழி கிடைக்கும் என்று எண்ணமுடியாது. பெயர் மதம் வந்த வழியைச் சொல்லும். இரத்தம் வந்த வழியைச் சொல்ல அதற்குத் தெரியாது.

இந்தத் தவறு உலகெங்கும் நடந்திருக்கிறது. அமெரிக்காவில் 1845இல் பொஸ்டனில் தொடங்கிய நியூ இங்கிலாந்து வம்சவரலாற்றுக் கழகம், குடியேறிய குடும்பங்களின் ஆங்கிலேய வேரைத் தேடும் பணியை ஒரு துறையாகவே வளர்த்தது. இங்கிலாந்தின் பங்கு ஆலயங்களில் 1538 முதல் ஞானஸ்நான, விவாக, அடக்கப் பதிவேடுகள் வைக்கப்பட்டமை அதற்குக் கைகொடுத்தது. ஆனால் ஒரே காலத்தில் ஒரே பெயருடையவர்கள் பல பங்குகளில் இருந்தார்கள். கப்பல் ஏறியவர் அவர்களில் யார் என்று நிறுவாமல், வசதியான ஒருவரோடு முடிச்சுப் போட்ட மரங்கள் ஏராளம். குஸ்தாவ் அஞ்சு என்பவர் 20ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் பணக்கார அமெரிக்கக் குடும்பங்களுக்குப் பொய்யான வம்சாவழிகளைக் கட்டி விற்றார். அவற்றை நம்பி எழுதப்பட்டவற்றைக் களைவது இன்றும் ஆய்வாளருக்கு வேலையாக இருக்கிறது. பெருமை வேண்டித் தேடுபவருக்குப் பெருமையை விற்க ஒருவர் எப்போதும் கிடைப்பார்.

ஒல்லாந்து அல்லாத ஒல்லாந்தர்

கம்பனியின் சம்பளக் கணக்கு இந்த விஷயத்தில் நேர்மையான சாட்சி. ஒவ்வொரு கப்பலுக்கும் ஒரு புத்தகம் இருந்தது. ஆளின் பெயர், சொந்த ஊர், தொழில், சம்பளம், கடனாகப் பெற்ற தொகை, சேவை முடிந்த விதம் எல்லாம் அதில் பதியப்பட்டன. கம்பனி வம்சத்தைப் பற்றிக் கவலைப்படவில்லை, பாக்கியைப் பற்றித்தான் கவலைப்பட்டது. அதனாலேயே பொய் எழுத அங்கே காரணம் குறைவு. 18ஆம் நூற்றாண்டுக்குரிய பல இலட்சம் பதிவுகள் ஹேக் நகரின் தேசிய சுவடிக்கூடத்தில் உள்ளன. அவற்றின் பெயர் அட்டவணையை இணையத்திலும் தேடலாம்.

கம்பனியின் கப்பல்களில் ஆசியாவுக்குப் புறப்பட்டவர்கள் ஏறத்தாழ 10 இலட்சம் பேர். அவர்களில் பெரும் பங்கினர் ஜெர்மானிய நாடுகள், ஸ்கண்டிநேவியா, பிளாண்டர்ஸ், சுவிட்சர்லாந்து போன்ற இடங்களைச் சேர்ந்தவர்கள். மாத்தறையில் பிறந்து, சட்டத்தரணியாகவும் ‘எக்சாமினர்’ பத்திரிகையை நடத்தியவராகவும் புகழ்பெற்ற சார்ள்ஸ் அம்புரோஸ் லொரென்ஸின் (1829–1871) தந்தை பிரஷ்யாவிலிருந்து வந்தவர். இலங்கையின் பண்டைய நீர்ப்பாசனத்தை ஆராய்ந்து எழுதிய நில அளவையாளர் ஆர். எல். புரோஹியரின் (1892–1980) குடும்பத்துக்கு மூலவர் ஜேர்சித் தீவைச் சேர்ந்த யோன் புரோஹியர். பிளாசிப் போருக்குப் பிறகு சென்னையிலிருந்து கல்கத்தாவுக்கு அழைக்கப்பட்டுப் புதிய வில்லியம் கோட்டையைக் கட்டத் தொடங்கிய பொறியாளர் அவர். கணக்கில் மோசடி என்ற குற்றச்சாட்டில் 1760இல் கைதாகி, தப்பி, ஒல்லாந்தர் ஆண்ட இலங்கைக்கு வந்து சேர்ந்தார். ஒல்லாந்தப் பறங்கியர் குடும்பம் ஒன்றின் வேரைத் தேடினால் ஆங்கிலக் கால்வாயில் ஒரு தீவு, சென்னை, ஹூக்ளிக் கரை என்று வழி போகிறது.

தஞ்சாவூரிலிருந்து வந்த வைத்தியர்

இவற்றிலெல்லாம் என் மனத்தில் தங்கிய குடும்பம் ஒண்டாச்சி குடும்பம். 1659இல் கொழும்பின் ஒல்லாந்த ஆளுநர் அட்ரியான் வான் டெர் மெய்டனின் வீட்டாருக்கு வைத்தியம் பார்க்கத் தஞ்சாவூரிலிருந்து ஒரு வைத்தியர் வரவழைக்கப்பட்டார் என்பது குடும்ப வரலாறு. அவர் கொழும்பிலேயே தங்கினார், கிறிஸ்தவரானார், மைக்கல் யூரி என்ற பெயரைப் பெற்றார். கொழும்புச் செட்டியார் சமூகத்தின் முக்கிய குடும்பங்களில் ஒன்று அவரிலிருந்து கிளைத்தது.

அந்த வழியில் வந்த வில்லெம் யூரியான் ஒண்டாச்சி நெதர்லாந்தில் இறையியல் கற்றுத் திரும்பிப் போதகரானார். ஆம்ஸ்டர்டாமைச் சேர்ந்த ஹெர்மினா குயின்ட் என்பவரை மணந்தார். அவர்களுடைய மகன் பீட்டர் பிலிப் 1758இல் கொழும்பில் பிறந்தார். படிப்பதற்காக நெதர்லாந்துக்கு அனுப்பப்பட்டவர், 1780களில் ஊட்ரெக்ட் நகரில் ஒரேஞ்ச் இளவரசரின் ஆதரவாளருக்கு எதிராக எழுந்த தேசபக்தர் இயக்கத்தின் முன்னணித் தலைவராகிவிட்டார். 1787இல் பிரஷ்யப் படை வந்து அந்த இயக்கத்தை நசுக்கியபோது நாட்டைவிட்டு ஓட நேர்ந்தது. 1818இல் பத்தாவியாவில் காலமானார். வரலாறு அவரைத் தாயின் பெயரையும் சேர்த்து ‘குயின்ட் ஒண்டாச்சி’ என்றே அறிகிறது. ஆண்வழி மரங்களுக்கிடையில் தாயின் குடும்பப் பெயரைத் தூக்கிக்கொண்டு நிற்கும் பெயர் அது.

இந்தப் பெயரின் எழுத்தே ஒரு பாடம். ஒல்லாந்த மொழியில் செல்லமும் சிறுமையும் காட்டும் விகுதி ‘ட்ஜே’. மேசையில் உள்ள இழுப்பறையை அவர்கள் ‘லாட்ஜே’ என்றார்கள். நாங்கள் அதை ‘லாச்சி’ ஆக்கிக்கொண்டோம். யாழ்ப்பாணத்தில் இன்றும் லாச்சிதான். அதுபோலவே, தமிழ் நாவின் ‘ச்சி’யைக் கேட்ட ஒல்லாந்த எழுத்தர் தம் ‘ட்ஜே’யைப் போட்டு எழுதினார். அதனால்தான் தஞ்சாவூர் வைத்தியரின் குடும்பப் பெயர் ஒல்லாந்தப் பெயர்போல உலகத்துக்குத் தோன்றுகிறது. 1943இல் கொழும்பில் பிறந்த எழுத்தாளர் மைக்கல் ஒண்டாச்சி, குடும்பத்தைத் தேடி ஊருக்குத் திரும்பிய அனுபவத்தை 1982இல் நூலாக்கினார். கொழும்பில் புனித தோமையார் ஆலயத்தின் தரையில் தம் குடும்பப் பெயர் செதுக்கப்பட்டிருந்ததைக் கண்ட கணமும் அதில் உண்டு.

1659 தொடங்கி இன்றுவரை ஏறத்தாழ 12 தலைமுறைகள். 12 தலைமுறைக்கு முன் ஒருவருக்கு இருக்கக்கூடிய மூதாதையர் இடங்கள் 4,096. தஞ்சாவூர் வைத்தியர் அவற்றில் ஒன்றில் இருக்கிறார். மற்ற 4,095 இடங்களில் யார் யார் இருந்தார்கள்? ஒரு பெயரைப் பிடித்துக்கொண்டு இதுவே நம் வேர் என்னும்போது நாம் விட்டுவிடுகிற கூட்டம் அவ்வளவு பெரிது.

தோம்பில் இருப்பவர்களும் இல்லாதவர்களும்

விடுபட்டவர்களைத் தேட ஓர் இடம் இருக்கிறது. காணி உறுதி வாசித்த இலங்கைத் தமிழருக்குத் தோம்பு என்ற சொல் புதிதல்ல. போர்த்துக்கேயர் கொண்டுவந்த சொல்லையும் முறையையும் ஒல்லாந்தர் விரித்தார்கள். நிலத்தோம்பு காணியையும் அதன் வரியையும் எழுதியது. தலைத்தோம்பு அந்தக் காணியில் வாழ்ந்த குடும்பத்தைத் தலை தலையாக எழுதியது. பள்ளித் தோம்பு, ஊர்ப் பள்ளிக்கூட ஆசிரியர் வைத்த ஞானஸ்நான, விவாகப் பதிவு. சாதாரணக் குடியானவர்களின் பெயர்கள் குடும்பம் குடும்பமாக எழுத்தில் ஏறியது இவற்றில்தான். கொழும்பு 7இல் உள்ள தேசிய சுவடிக்கூடத்தில் ஒல்லாந்த நிர்வாகத்தின் 7,000க்கும் மேற்பட்ட தொகுதிகள் இருக்கின்றன. கம்பனியின் சுவடிகளை 2003இல் யுனெஸ்கோ உலக நினைவுப் பதிவேட்டில் சேர்த்தது.

அடுத்த இடம் ஆலயம். கொட்டாஞ்சேனைப் பக்கம் மேட்டில் நிற்கும் வுல்ஃபெண்டால் ஆலயம் 1749இல் கட்டத் தொடங்கப்பட்டு 1757இல் திறக்கப்பட்டது. அதன் தரையில் பதிந்த கற்களில் பெயர், பிறந்த ஊர், இறந்த நாள், குடும்பச் சின்னம் எல்லாம் உள்ளன. கோட்டையில் கிடந்த பழைய கல்லறைக் கற்களும் 1813இல் இங்கே கொண்டுவரப்பட்டன. இலங்கையின் ஐரோப்பியக் கல்லறை வாசகங்களை லியோபோல்ட் லுடோவிசி 1877இலும், பென்றி லூயிஸ் 1913இலும் நூலாக்கினார்கள். கல் தேய்ந்த இடங்களில் இந்த நூல்களே இப்போது கல்.

இத்தனை எழுத்திலும் ஒரு வகையினர் அரைகுறையாகவே தெரிகிறார்கள். ஆளுநர் மாட்சைக்கர் காலத்திலேயே கம்பனி ஆட்கள் உள்ளூர்க் கிறிஸ்தவப் பெண்களை மணப்பது ஊக்குவிக்கப்பட்டது. ஐரோப்பாவிலிருந்து வந்த பெண்கள் மிகச் சிலர். போர்த்துக்கேய வழி வந்தவர்கள், சிங்களப் பெண்கள், தமிழ்ப் பெண்கள்தான் அந்த வீடுகளின் தாய்மார். அதனால்தான் ஒல்லாந்தர் வீட்டுப் பிள்ளைகள் போர்த்துக்கேயக் கிரியோல் பேசி வளர்ந்தார்கள். வீட்டின் மொழி, தாயும் ஆயாவும் பேசிய மொழி. பட்டியல் தந்தையைப் பின்தொடர்ந்தது. நாக்கு தாயைப் பின்தொடர்ந்தது.

அவர்களுக்கும் கீழே அடிமைகள். கம்பனியின் ஏடுகளில் அவர்களுக்குத் தகப்பன் பெயர் இல்லை. ஒரு கிறிஸ்தவப் பெயரோ புராணப் பெயரோ, அதன் பின்னால் ‘மலபாரிலிருந்து’, ‘வங்காளத்திலிருந்து’ என்று ஓர் இடப்பெயர். அவ்வளவுதான். தமிழில் நாம் கொம்பனித்தெரு என்று சொல்லும் பகுதியின் பழைய ஆங்கிலப் பெயரான ‘ஸ்லேவ் ஐலண்ட்’ (அடிமைத் தீவு) மட்டும் அங்கே அடிமைகள் அடைக்கப்பட்டிருந்ததை நீண்ட காலம் சொல்லிக்கொண்டிருந்தது. அவர்களுடைய சந்ததியும் இந்த நகரத்தில்தான் கலந்திருக்கிறது. தங்கள் வம்சாவழி என்று அந்தத் தெருவுக்குப் போய் நின்றவர் எத்தனை பேர்?

ஆண்வழிதான் இயற்கை என்று சொல்லவும் முடியாது. மட்டக்களப்புத் தமிழரிடையே குடி தாய்வழியாக வருகிறது. வயிற்றுவார் என்ற அந்த மண்ணின் சொல்லே, ஒருத்தியின் வயிற்றில் பிறந்தோர் ஒரு வரிசை என்பதைக் காட்டுகிறது. எந்த வழியை எண்ணுவது என்பதை ஒவ்வொரு சமூகமும் தானே தேர்ந்துகொண்டது.

மரம் கடவுச்சீட்டாக மாறியபோது

20ஆம் நூற்றாண்டின் நடுவில் இந்தப் பட்டியல்கள் பெருமைக்குரிய பொருளாக மட்டும் இருக்கவில்லை. வெள்ளையருக்கே இடம் என்ற கொள்கையை அவுஸ்திரேலியா கடைப்பிடித்த காலம் அது. கலப்பு வழியினர் தமது மூதாதையரில் பெரும் பங்கு ஐரோப்பியர் என்று காட்டவேண்டியிருந்தது. 1956இல் சிங்களம் மட்டும் சட்டம் வந்தபின், ஆங்கிலத்தில் வாழ்ந்த பறங்கியர் குடும்பங்கள் பம்பலப்பிட்டி, வெள்ளவத்தை, தெஹிவளை வீடுகளை விற்றுவிட்டுக் கப்பல் ஏறின. அப்போது ஆலயப் பதிவேட்டின் பிரதியும் சங்கத்தின் பட்டியலும் பயணப் பத்திரத்தோடு போயின. வீட்டில் மறைத்துவைத்த ஒரு கறுத்த பாட்டியின் படம் யாருக்கும் காட்டப்படாமல் பெட்டிக்கு அடியில் போயிருக்கும்.

அதற்குச் சில ஆண்டுகள் முன்னரே மலைநாட்டில் இதைவிடக் கொடிய கணக்கு நடந்திருந்தது. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம் பிறந்த மண்ணை அளவாக எடுக்கவில்லை. அது நடைமுறைக்கு வந்த நாளுக்கு முன் இலங்கையில் பிறந்த ஒருவர் வழிவழிப் பிரசையாக வேண்டுமெனில், அவருடைய தந்தை இலங்கையில் பிறந்திருக்கவேண்டும். அல்லது தந்தைவழிப் பாட்டனாரும் பூட்டனாரும் இலங்கையில் பிறந்திருக்கவேண்டும். என் பிறப்புச் சான்றிதழின் கட்டங்கள் கேட்பதும் அதே வரிசையைத்தான். லயத்தில் பிறந்த தந்தைக்குப் பத்திரம் எங்கே? பாட்டன் பிறந்ததை எந்தக் கந்தோரில் எழுதினார்கள்? தலைமுறை தலைமுறையாகக் கொழுந்து பறித்த கைகளிடம் தாள் கேட்கப்பட்டது. ஏறத்தாழ 7 இலட்சம் மலையகத் தமிழர் நாடற்றவர் ஆனார்கள். 1964ஆம் ஆண்டின் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் எனப் பங்கிட்டது. எஞ்சியவர்களின் பிரச்சினை முடிய 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம் வரவேண்டியிருந்தது.

ஒட்லியின் விளக்கம், சங்கத்தின் விதி, 1948ஆம் ஆண்டுச் சட்டம், என் கையில் உள்ள சான்றிதழ் நான்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் அளவுகோல் ஒன்றே: தகப்பன், அவனுடைய தகப்பன், அவனுடைய தகப்பன். அது ஒருவருக்குச் சங்கத்தின் கதவைத் திறந்தது, இன்னொருவருக்கு நாட்டின் கதவையே மூடியது. எழுதிவைக்க ஒரு கந்தோரும் ஓர் ஆலயமும் இருந்தவர்களின் வம்சம் நீண்டது. இல்லாதவர்களின் வம்சம், தாளில், அவர்களோடு தொடங்கியது.

நேர்மையாகத் தேடுவது எப்படி

மரபணுச் சோதனை இந்தக் குறையைத் தீர்க்கும் என்று இன்று பலர் நம்புகிறார்கள். ஓரளவு தீர்க்கும். தகப்பன் வழியே மகனுக்கு மட்டும் செல்லும் குறியும், தாய் வழியே எல்லாப் பிள்ளைகளுக்கும் செல்லும் குறியும் தனித்தனியே தெரியும். பட்டியலில் இல்லாத தாய்வழிப் பாட்டிமார் இரண்டாவதில் தலைகாட்டுவார்கள். ஆனால் அது பெயரைச் சொல்லாது. பெயருக்கு மறுபடியும் தோம்புக்கும் தரைக்கல்லுக்கும் ஆச்சியின் வாய்க்கும்தான் வரவேண்டும்.

ஆகவே தேடும் வழி இப்படி இருக்கட்டும். உயிரோடு இருக்கும் மூத்தவரிடமிருந்து தொடங்குங்கள், அவருக்குத்தான் அவசரம். பிறகு சான்றிதழ், ஆலய ஏடு, உறுதி, தோம்பு என்று ஒவ்வொரு படியாகப் பின்னோக்கிப் போங்கள். ஒரு தலைமுறையை நிறுவாமல் அடுத்ததற்குத் தாவவேண்டாம். வாய்மொழி சொன்னதையும் தாள் சொன்னதையும் தனித்தனியே குறியுங்கள். ஆண் பெயர் ஒன்று எழுதும்போதெல்லாம் அவனைப் பெற்றவள் யார் என்று ஒரு வரி கேளுங்கள். விடை இல்லையெனில் அந்த இடத்தை வெறுமையாகவே விட்டுவையுங்கள். வெற்றிடத்தை வசதியான ஒருவரால் நிரப்புவதைவிட அது கௌரவமானது.

சான்றிதழை மறுபடியும் ஃபைலுக்குள் வைக்குமுன் ஒரு வெள்ளைத் தாளை எடுத்து, அம்மாவின் தாயின் பெயர், பிறந்த ஊர், அப்பாவின் தாயின் பெயர், பிறந்த ஊர் என்று எழுதினேன். அவர்களுடைய தாய்மாரின் பெயரில் ஒன்றுதான் எனக்குத் தெரிந்திருந்தது. மற்றதைக் கேட்க இன்னும் ஒரு பெரியம்மா இருக்கிறா. அந்தத் தாளைச் சான்றிதழோடு சேர்த்துக் குத்திவைத்திருக்கிறேன்.